இரைப்பைக் கிருமியும் புற்றுநோயும்

1881 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29 ஆந் திகதி, வியன்னா நகரத்திலே தியோடோர் பில்றோத் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், நாற்பத்துமூன்று வயதுப் பெண்ணொருவரின் இரைப்பையில் புற்று வளர்ந்திருந்த கீழ்ப்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சிய பகுதியைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார். அவருக்கு முன்னர் இருவர் இதனை முயன்றிருந்தனர். அவர்களுடைய நோயாளர் சில நாள்களுக்குள் இறந்துபோயினர். பில்றோத்தின் நோயாளியோ பிழைத்தெழுந்தார், உணவு உண்டார். மருத்துவ உலகம் வியந்து பாராட்டியது. ஆயினும் நான்கு மாதங்கள் கழிவதற்குள் நோய் மீண்டும் பரவி அப்பெண்ணின் உயிரைக் கவர்ந்தது.

நோயுற்ற பகுதியைக் கத்தி கொண்டு நீக்கலாம் என்பதைப் பில்றோத் காட்டினார். அந்நோய் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு அவரிடத்தில் விடை இல்லை. அவருக்குப் பின் வந்தோரும் நூறாண்டுக் காலம் அவ்விடையை அறிந்திலர். விடை கிடைத்த வரலாறு, கண்முன்னே கிடந்த ஒன்றை நம்ப மறுத்த வரலாறாகும். நம்பத் தொடங்கிய பின்னரும் அதனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டியிருந்தது என்பதையும் அது எடுத்துக்காட்டுகின்றது.

பழங்காலத்தார் இந்நோய்க்குப் பல காரணங்களைக் கற்பித்தனர். அவற்றுள் ஒன்று குலவழி. 1821 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி, செயின்ற் ஹெலினாத் தீவிலே சிறையிருந்த நெப்போலியன் உயிர் துறந்தார். மறுநாள் அவருடலை அறுத்துச் சோதித்த வைத்தியர்கள் இரைப்பையிலே பெரியதொரு புண்ணையும், புற்றெனக் கருதத்தக்க வளர்ச்சியையும் கண்டனர். அவர் தந்தையாரும் 1785 ஆம் ஆண்டில் இரைப்பைக் கட்டியினாலேயே இறந்திருந்தார். எனவே தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்த குலநோய் இது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிற்று. ஒரே குடும்பத்தில் இருவர்க்கு வரும் நோய் குருதி வழியாக வந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே பாத்திரத்தில் உண்டு வாழ்ந்தமையாலும் வந்திருக்கலாம். இந்த இரண்டாவது வழியை அக்காலத்தவர் எண்ணிப்பார்க்கவில்லை.

எண்ணாமைக்குத் தக்க காரணம் இருந்தது. இரைப்பை தானே சுரக்கும் ஹைதரோக்குளோரிக் அமிலம் மிக வலியது. உணவோடு உட்செல்லும் கிருமிகளுட் பெரும்பாலானவற்றை அது கொன்றுவிடும். அத்தகைய அமிலக் கலத்தினுள்ளே எவ்வுயிர் வாழ முடியும்? இரைப்பை கிருமியற்ற உறுப்பு என்பது பாடநூல்களில் எழுதப்பட்ட கொள்கையாயிற்று. 1910 ஆம் ஆண்டில் கார்ல் சுவார்ட்ஸ் என்பார், அமிலம் இல்லையேல் குடற்புண்ணும் இல்லை என்ற கருத்தை வெளியிட்டார். அது முதலாக வயிற்றுப்புண் என்றால் அமிலம், அமிலம் என்றால் மனக்கவலையும் காரமான உணவும் என்று வைத்தியர்கள் பேசலாயினர். பாலும் கஞ்சியும் ஓய்வுமே நோயாளிக்கு விதிக்கப்பட்ட மருந்துகள்.

எனினும் கிருமியைக் கண்டோர் இல்லாமலில்லை. இத்தாலியில் தூரின் நகரத்துப் பேராசிரியர் யூலியோ பிற்சொசேரோ, 1893 ஆம் ஆண்டளவில், நாய்களின் இரைப்பைச் சுரப்பிகளுக்குள்ளே சுருள் வடிவான நுண்ணுயிர்களைக் கண்டு விவரித்தார். போலந்தில் கிராக்கோவ் நகரத்து வைத்தியர் வலேரி யவோர்ஸ்கி, 1899 ஆம் ஆண்டில், மனிதரின் இரைப்பையைக் கழுவிய நீரின் வண்டலில் அத்தகைய கிருமிகள் உள என எழுதினார். 1906 ஆம் ஆண்டில் ஜேர்மானியரான வால்ற்றர் கிறீனிற்ஸ் என்பவர், இரைப்பைப் புற்றுநோயால் வருந்திய ஒருவரின் இரைப்பையிலேயே சுருட்கிருமிகளைக் கண்டார். குற்றவாளியும் குற்றம் நிகழ்ந்த இடமும் ஒருசேரக் கண்ணிற்பட்ட நாள் அதுவென இன்று கூறலாம். அன்றோ அச்செய்தி எவருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை. இறந்த உடலிலே பின்னர் வந்து குடியேறியவை, அல்லது வாயிலிருந்து விழுங்கப்பட்டவை என்று அறிஞர் ஒதுக்கினர்.

1954 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் எடி பாமர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் இரைப்பைத் துணுக்குகளை ஆராய்ந்து, சுருட்கிருமி ஒன்றுதானும் இல்லை என அறிவித்தார். வழக்கு முடிந்தது என்று யாவரும் கருதினர். பாமர் பயன்படுத்திய சாயம் இக்கிருமியைத் தெளிவாகக் காட்டவல்லதன்று. வெள்ளிச் சாயமூட்டியிருப்பின் அவை கரிய கோடுகளாய்த் துலங்கியிருக்கும். தேடும் கருவி பொருந்தாதவிடத்து, காணவில்லை என்பதிலிருந்து இல்லை என்று முடிவு கட்டலாகாது. இந்தச் சிறு தவறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை விழுங்கிவிட்டது.

கிருமிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு கூறுவோரை வைத்தியர்கள் ஐயத்தோடு நோக்கியமைக்கு வேறொரு கசப்பான அனுபவமும் காரணம். தென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த யொகன்னஸ் பீபிகர் என்பார், கரப்பான் பூச்சியின் வழியாக எலியின் வயிற்றுட் புகும் ஒருவகைப் புழு இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்குகின்றது என 1913 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பொருட்டு 1926 ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பின்னர் ஆராய்ந்தோர், அவ்வளர்ச்சிகள் உண்மையான புற்றுகள் அல்ல என்றும், எலிகளின் உணவிலே உயிர்ச்சத்து ஏ குறைந்திருந்தமை அவற்றிற்குப் பெரிதும் காரணம் என்றும் கண்டனர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு மீண்டும் கிடைப்பதற்கு நாற்பது ஆண்டுகள், அதாவது 1966 வரையில், செல்லவேண்டியிருந்தது. அவசரப்பட்டு அளித்த தீர்ப்பு அடுத்த தலைமுறையின் செவிகளையும் அடைத்துவிடுகின்றது.

இக்கிருமியை அறியாமலே அதன் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் சென்ற அறிஞர் ஒருவரும் இருந்தார். அவர் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிற் பிறந்த நோயியல் வல்லுநர் பெலாயோ கொறயா. அந்நாட்டின் நரிஞ்ஞோ மாகாணத்திலே அந்தீசு மலைமேல் வாழும் மக்களுள் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. அதே மாகாணத்தின் பசிபிக் கடலோரத்தில் வாழ்பவர்களிடத்து அது மிகவும் அரிது. இவ்வேறுபாட்டை ஆராய்ந்த கொறயாவும் அவருடைய துணைவர்களும் 1975 ஆம் ஆண்டில் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். புற்றுநோய் திடீரென்று தோன்றுவதன்று. படிப்படியாக இறங்கிவரும் நீண்ட வழியின் இறுதிப்படி அது என்றனர். முதலாவது படி, இரைப்பையின் உட்சவ்வில் உண்டாகி ஆண்டுக்கணக்கில் ஆறாதிருக்கும் அழற்சி. இரண்டாவது, அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து அழிதல். மூன்றாவது, இரைப்பைச் சவ்வு தன் இயல்பை இழந்து குடலின் சவ்வைப் போல மாறுதல். நான்காவது, உயிர்க்கலங்கள் ஒழுங்கு குலைந்து பெருகுதல். ஐந்தாவது, புற்று. முதற்படிக்கும் இறுதிப்படிக்கும் இடையிலே பல பத்தாண்டுகள் கழிவதுண்டு. படிகளை வரைந்துவிட்டார்; ஆனால் மனிதனை முதற்படியில் ஏற்றுவது எது என்பது அன்று துலங்கவில்லை. உப்பு மிகுந்த உணவும் நைத்திரேற்றுச் சேர்ந்த நீரும் காரணமாகலாம் என்று கருதப்பட்டது.

முதற்படியின் மறை வெளிப்பட்டது, மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த் நகரத்திலே. அங்குள்ள அரச வைத்தியசாலையில் நோயியலறிஞராகப் பணியாற்றியவர் றொபின் வொறன். 1979 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அழற்சியுற்ற இரைப்பைத் துணுக்கொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது, சவ்வின் மேற்பரப்பை ஒட்டி வரிவரியாக வளைந்த கிருமிகள் படிந்திருத்தலைக் கண்டார். வெள்ளிச் சாயமூட்டியபோது அவை ஐயமின்றித் தெரிந்தன. உடன்பணியாற்றியோர் நம்பவில்லை. அவரோ தேடுவதை விடவில்லை. கிருமி இருந்த துணுக்குகளில் எல்லாம் அழற்சியும் இருந்தது. வளையும் ஒளிநார்க் குழாயை வாய்வழியே செலுத்தி உயிரோடிருப்பவரின் இரைப்பையிலிருந்தே துணுக்கெடுக்கும் வசதி 1957 ஆம் ஆண்டின் பின் பரவியிருந்தமையால், இறந்தபின் குடியேறிய கிருமி என்ற பழைய மறுப்பு இனிச் செல்லவில்லை.

1981 ஆம் ஆண்டிலே பாரி மார்ஷல் என்னும் இளம் வைத்தியர் வொறனோடு சேர்ந்தார். அடுத்த ஆண்டில் நூறு நோயாளரை முறைப்படி ஆராய்ந்தனர். கிருமியை வளர்ப்பூடகத்திலே வளர்த்தெடுக்க முயன்ற முயற்சிகள் முப்பதுக்கும் மேற்பட்டவை வீணாயின. இரண்டு நாள்களில் எதுவும் முளைக்காவிடில் தட்டுகளை எறிந்துவிடுதல் ஆய்வுகூட வழக்கம். 1982 ஆம் ஆண்டு ஈஸ்ரர் விடுமுறையிலே தட்டுகளை நோக்க ஆளின்றி அவை ஐந்து நாள்கள் கிடந்தன. விடுமுறை கழிந்து திறந்து பார்த்தபோது கிருமிக் கூட்டம் வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் இவ்வுயிர்க்கு வேண்டியிருந்தது, சற்று அதிகமான அவகாசமே.

1983 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செற் என்னும் மருத்துவ இதழில் இருவரின் கடிதங்களும் வெளியாயின. அடுத்த ஆண்டில் முழுக் கட்டுரையும் வெளிவந்தது. வயிற்றுப்புண்ணுக்கு அமிலமே காரணம் என்று வாழ்நாள் முழுதும் கற்பித்து வந்தோர்க்கு இக்கூற்று வியப்பையும் சினத்தையும் ஊட்டிற்று. விலங்குகளில் இதனைச் சோதிக்க மார்ஷல் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. எனவே 1984 ஆம் ஆண்டில், தம் இரைப்பை நலமுடையது என்பதை முதலிற் சோதனையால் உறுதிசெய்துகொண்டு, நோயாளி ஒருவரிடமிருந்து பெற்று வளர்த்த கிருமிக் குழம்பைத் தாமே அருந்தினார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வாய்நாற்றமும் உண்டாயின. பத்தாம் நாளில் எடுத்த துணுக்கிலே கடும் அழற்சியும், அதனைச் சூழக் கிருமிகளும் காணப்பட்டன. மறு ஆண்டில் இச்சோதனை அவுஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியை உலகம் பெரிதும் விரும்பிப் பேசுகின்றது. ஆனால் அது நிறுவியது எவ்வளவு என்பதை அளந்தறிதல் வேண்டும். நலமான இரைப்பையிலே இக்கிருமி அழற்சியை உண்டாக்கும் என்பதையே அது காட்டிற்று. மார்ஷலுக்குப் புண் உண்டாகவில்லை, புற்றும் உண்டாகவில்லை. ஒரு கிண்ணத்தை அருந்திப் பத்து நாளிற் காட்டக்கூடிய நோயன்று புற்றுநோய். ஒரு மனிதன் குழந்தைப் பருவத்திற் கிருமியைப் பெற்று, அறுபது வயதிலே நோய்வாய்ப்படுவானாயின், அவ்விரு முனைகளையும் இணைக்கும் நூலை எவ்வாறு கண்டறிவது?

கிருமியின் இயல்பே இத்தேடலை மேலுங் கடினமாக்கியது. 1989 ஆம் ஆண்டிலே அதற்கு ஹெலிக்கோபற்றர் பைலோரி என்ற பெயர் நிலைபெற்றது. முதற்சொல் அதன் சுருள் வடிவைக் குறிக்கும். இரண்டாஞ் சொல், இரைப்பை குடலோடு கூடும் வாயிலின் பெயரிலிருந்து வந்தது. கிரேக்க மொழியில் அதற்கு வாயிற்காவலன் என்பது பொருள். இக்கிருமி தன் வாலிழைகளால் நீந்திச் சென்று, சவ்வைப் போர்த்திருக்கும் சளிப் படலத்தினுட் புகுந்து கொள்கின்றது. யூரியேசு என்னும் நொதியத்தை மிகுதியாகச் சுரந்து, யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றது. அந்த அமோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கின்றது. அமிலக் கடலின் நடுவே தனக்கென ஒரு சிறு தீவை அமைத்துக்கொண்டு அது வாழ்கின்றது. அழற்சியோ ஆண்டுக்கணக்கில் நீடித்து, அமிலச் சுரப்பிகளை அழிக்கின்றது. அமிலம் வற்றிய இரைப்பையில் இக்கிருமியும் நன்கு வாழ இயலாது. எனவே புற்றுநோய் தோன்றும் காலத்திற் கிருமி அங்கே இல்லாமலும் போகலாம். தீ மூட்டியவன் வீடு எரியத் தொடங்குமுன் ஊரைவிட்டு அகன்றமை போன்றது இது.

புற்றுநோயாளரை மட்டும் சோதித்து இவ்வழக்கைத் தீர்க்கமுடியாது. நோய் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அவருடம்பிற் கிருமி இருந்ததா என்று அறிதல் வேண்டும். இறந்த காலத்துக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. ஆனால் இறந்த காலத்திலிருந்து ஒரு சாட்சி காத்திருந்தது. 1960 களில் கலிபோணியாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் பல்லாயிரவர் பிற ஆராய்ச்சிகளுக்கும் உடற்சோதனைகளுக்குமாகக் குருதி கொடுத்திருந்தனர். அக்குருதியின் தெளிநீர் பனிக்குளிரிலே உறைய வைத்துப் பேணப்பட்டிருந்தது. கொடுத்தவர்களுக்கு இக்கிருமியின் பெயர் தெரியாது; சேமித்தவர்களுக்கும் தெரியாது. கிருமி ஒருவரைத் தொற்றியிருப்பின், அதற்கெதிரான பிறபொருளெதிரி அவர் குருதியில் இருக்கும். பின்னர்ப் புற்றுநோய் கண்டவர்களின் பழைய குருதியையும், அவரோடொத்த வயதினராய் நோயற்றிருந்தவர்களின் குருதியையும் எடுத்து ஒப்பிட்டால் உண்மை விளங்குமன்றோ?

1991 ஆம் ஆண்டில் இத்தகைய மூன்று ஆராய்ச்சிகள் வெளிவந்தன. கலிபோணியாவில் யூலி பார்சொனெற் அம்மையாரும் குழுவினரும் 109 புற்றுநோயாளரின் பழைய குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்கு 84 பேரிடத்துத் தொற்றின் அடையாளம் இருந்தது. நோயற்றோரிடத்து நூற்றுக்கு 61. குருதி கொடுத்ததற்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டதற்கும் இடைப்பட்ட காலம் சராசரி பதினான்கு ஆண்டுகள். ஹவாயில் வாழ்ந்த யப்பானிய வம்சத்து ஆடவரிடையே ஏபிரகாம் நொமுறா செய்த ஆராய்ச்சியில், புற்றுநோயாளருள் நூற்றுக்கு 94 பேரும், நோயற்றோருள் 76 பேரும் தொற்றுடையோராயிருந்தனர். பிரித்தானியாவிலே டேவிட் போர்மன் நடத்திய ஆராய்ச்சியும் இதனையே கூறியது. தொற்றுடையோர்க்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு முதல் ஆறு மடங்கு வரை மிகுதி என்பது இம்மூன்றன் பொதுமுடிவு. தமக்கு வரவிருந்த நோயை அறியாமலே தம் குருதியைச் சாட்சியமாக விட்டுச்சென்ற அம்மக்களே இவ்வழக்கின் முதன்மைச் சாட்சிகள்.

1994 ஆம் ஆண்டில், லியோன் நகரத்திலுள்ள உலகச் சுகாதார தாபனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதலாம் வகுப்பிற் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இடம்பெறும் வகுப்பு அது. கல்நாரும் புகையும் உயிரற்றவை. உயிருள்ள பற்றீரியா ஒன்று அப்பட்டியலில் ஏறியது அதுவே முதன்முறை.

தீர்ப்புக்குப் பின்னரும் சான்றுகள் வந்து குவிந்தன. இரைப்பையில் உண்டாகும் ஒருவகை நிணநீர்க் கலப் புற்று, கிருமியை மருந்தினால் அழித்த அளவில் பலரிடத்துத் தானே சுருங்கி மறைவதை 1993 ஆம் ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர் காட்டினர். 1998 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர், மொங்கோலியப் பாலைவன எலிகளுக்கு இக்கிருமியைப் புகட்டி, அறுபத்திரண்டு வாரங்களின் பின் நூற்றுக்கு 37 எலிகளிடத்து இரைப்பைப் புற்றுநோயைக் கண்டனர். பீபிகர் எலிகளிற் காட்ட முயன்று தவறியதை, எண்பத்தைந்து ஆண்டுகளின் பின் இவர்கள் முறையாகக் காட்டினர். 2001 ஆம் ஆண்டில் நவோமி உவெமுறா என்னும் யப்பானிய வைத்தியர் 1,526 நோயாளரைச் சராசரி 7.8 ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்ட முடிவை வெளியிட்டார். கிருமியுடைய 1,246 பேருள் 36 பேருக்குப் புற்றுநோய் தோன்றிற்று. கிருமியற்ற 280 பேருள் ஒருவருக்குந் தோன்றவில்லை.

இவ்வெண்களை மறுபுறமாகவும் நோக்குதல் நன்று. கிருமியுடைய 1,246 பேருள் 1,210 பேருக்கு அக்கால எல்லைக்குட் புற்றுநோய் வரவில்லை. உலக மக்களுட் பாதிப்பேர்வரை ஒருகாலத்தில் இக்கிருமியைச் சுமந்திருந்தனர். அவர்களுட் புற்றுநோய்க்கு ஆளாவோர் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையிலேயே என மதிப்பிடப்படுகின்றது. இந்தியாவிலே இத்தொற்று மிகப் பரவலாக இருந்தும், யப்பானோடும் சீனத்தோடும் ஒப்பிடுமிடத்து இரைப்பைப் புற்றுநோய் குறைவாகவே உள்ளது. இதனை ஆராய்ச்சியாளர் ஒரு புதிராகவே பேசிவருகின்றனர். கிருமியின் வகைகள் யாவும் ஒன்றல்ல. காக்-ஏ என்னும் புரதத்தைச் சவ்வுக் கலங்களுக்குள்ளே ஊசியினாற் போலச் செலுத்தும் வகை கூடுதலான தீமை விளைவிப்பது. கிழக்காசியாவிற் பரவியுள்ளது பெரும்பாலும் அத்தகையது. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவும், புகைபிடித்தலும், உடலின் பிறவி இயல்பும் அபாயத்தை ஏற்றியும் இறக்கியும் விடுகின்றன. மற்றுமொரு வியப்பும் உண்டு. இரைப்பையிலே புண்ணுடையோர்க்குப் புற்றுநோய் அபாயம் மிகுதியாக, சிறுகுடலின் தொடக்கத்திலே புண்ணுடையோர்க்கு அது குறைவாயிருத்தலை 1996 ஆம் ஆண்டில் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆராய்ச்சி காட்டியது. அழற்சி வாயிலை அடுத்து நின்றால் அமிலம் பெருகிக் குடல் புண்ணாகும். இரைப்பை முழுதும் பரந்தால் அமிலம் வற்றிக் கொறயா வரைந்த படிகளில் மனிதன் இறங்கத் தொடங்குவான்.

எஞ்சிய வினா ஒன்றே: கிருமியை அழித்தால் புற்றுநோயைத் தடுக்கலாமா? பல மருந்துகளைக் கூட்டி இரண்டு வாரமளவில் உட்கொள்வதால் கிருமியைப் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். ஆனால் அதன் பயனைக் காண்பதற்கு ஆண்டுகள் பல காத்திருத்தல் வேண்டும். சீன நாட்டின் புசியன் மாகாணத்தில் 1,630 பேரிடத்து நடந்த சோதனையின் முடிவு 2004 ஆம் ஆண்டில் வெளியானபோது, ஏழரை ஆண்டின் பின் இரு பகுதியினரிடையேயும் தெளிவான வேறுபாடு இருக்கவில்லை. ஆயினும் முன்மாற்றங்கள் எவையும் தோன்றாத நிலையில் மருந்துண்டவர்களுள் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. காலந்தாழ்த்தினால் மருந்தின் பயன் குறையும் என்பது அதன் குறிப்பு.

அதே நாட்டின் சாந்துங் மாகாணத்து லிஞ்சூ மாவட்டத்தில் இரைப்பைப் புற்றுநோய் மிகக் கொடிது. அங்கே 1995 ஆம் ஆண்டில், தொற்றுடைய 2,258 பேருள் ஒரு பாதியினருக்கு இரண்டு வாரம் மருந்தும் மறு பாதியினருக்கு மருந்தற்ற குளிகையும் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளின் பின், மருந்துண்டோருள் நூற்றுக்கு 3.0 பேருக்கும் மற்றோருள் நூற்றுக்கு 4.6 பேருக்கும் புற்றுநோய் கண்டிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் நிறைந்தபின் 2019 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கு, மருந்துண்டோரிடத்து அபாயம் பாதியாகக் குறைந்தமையைக் காட்டியது. இரண்டு வார மருந்தின் பயனை அளப்பதற்கு இரண்டு தசாப்தங்களுக்கு மேல் வேண்டியிருந்தது. தைவானைச் சேர்ந்த மாற்சுத் தீவுகளில் 2004 ஆம் ஆண்டு தொடக்கம் முதிர்ந்தோர் அனைவரையும் சோதித்து மருந்து கொடுத்துவந்த முயற்சியும் புற்றுநோயை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. யப்பான் 2013 ஆம் ஆண்டிலே, கிருமியால் இரைப்பை அழற்சியுற்றோர் யாவருக்கும் சிகிச்சைச் செலவை அரச காப்புறுதியில் ஏற்றுக்கொண்டது.

மருந்தொன்றே இந்நோயை விரட்டவில்லை என்பதையும் நினைவிற்கொள்ளல் தகும். ஐக்கிய அமெரிக்காவிலே 1930 களில் புற்றுநோய் மரணங்களுள் முன்னணியில் நின்றது இரைப்பைப் புற்றுநோயே. கிருமியின் பெயரை எவரும் அறியுமுன்பே அங்கு அது தேயத் தொடங்கிவிட்டது. குளிரூட்டும் பெட்டி வந்து உப்பிட்ட உணவின் இடத்தைப் புதிய காய்கனிகள் பிடித்தன. தூய நீரும் நெருக்கமற்ற வீடும் வாய்த்த குழந்தைகள் கிருமியைப் பெறாமலே வளர்ந்தனர். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலே, வீட்டாரிடமிருந்தே இத்தொற்று பரவுகின்றது. கிணற்றையும் கைகளையும் தூய்மையாக வைத்திருக்கும் குடும்பம், தன் பிள்ளைகளின் அறுபதாவது வயதைக் காத்து நிற்கின்றது எனலாம்.

ஆயினும் யாவரும் மருந்தை வாங்கி உண்ணலாம் என்பது இதன் பொருளன்று. அளவின்றி வழங்கப்பட்ட நுண்ணுயிர்கொல்லிகளை எதிர்த்து நிற்கும் ஆற்றலை இக்கிருமி பெற்றுவருகின்றது. 2017 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார தாபனம் வெளியிட்ட எதிர்ப்புக் கிருமிகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. யாருக்குச் சோதனை வேண்டும், யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதை வைத்தியரே துணிதல் வேண்டும். காரணமின்றி உடல் மெலிதல், உணவு விழுங்க முடியாமை, கரிய மலம், ஓயாத வாந்தி ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தலாகாது.

2005 ஆம் ஆண்டில் வொறனும் மார்ஷலும் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். வொறன் 2024 ஆம் ஆண்டிலே காலமானார். அவர் கண்ட உயிர் மனிதனுக்குப் புதிய பகைவனன்று. ஆல்ப்சு மலைப் பனியிலே கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் வயிற்றிலும் அதன் எச்சம் இருந்ததை 2016 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஆபிரிக்காவிலிருந்து மனிதகுலம் உலகெங்கும் பரந்தபோதே இக்கிருமியும் உடன் பயணஞ்செய்தது என்பது அதன் மரபணுக்களை ஆராய்ந்தோர் முடிவு.

2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 9 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். உணவுக்குழாயை அடுத்த மேற்பகுதி தவிர்ந்த இடங்களில் தோன்றும் இரைப்பைப் புற்றுகளுட் பத்தில் ஒன்பதளவு இக்கிருமியோடு தொடர்புடையவை எனக் கணிக்கப்பட்டுள்ளது. பில்றோத்தின் காலத்தில் விதியென்றும் குலநோயென்றும் பெயர் பெற்றிருந்த ஒன்று, பெரும்பாலும் தடுக்கத்தக்க தொற்றின் பயன் என்று இன்று அறியப்பட்டுள்ளது. அதனை அறிவதற்குப் புகழ்பெற்ற இருவரின் துணிவு மட்டும் போதவில்லை. உறைந்த குருதியைப் பேணியவர்களும், கலிபோணியாவிலும் ஹவாயிலும் கைநீட்டிக் குருதி கொடுத்தவர்களும், லிஞ்சூ மாவட்டத்திலே தமக்குக் கிடைத்தது மருந்தா வெறுங் குளிகையா என அறியாமலே உண்டு காத்திருந்த உழவர்களும் அவ்வறிவுக்குத் தம் பங்கை அளித்தவர்கள். அவர்களின் பெயர்களை மருத்துவ வரலாறு எழுதிவைக்கவில்லை. அவர்கள் அளித்த சான்றின் பயனை இனிப் பிறக்கும் குழந்தைகள் அனுபவிப்பர்.